உரமூட்டையின் கணக்கும் மலையின் கணக்கும்

ஆண்டுதோறும் மார்ச் 31ஆம் திகதியோடு கணக்கை முடித்துக்கொள்ளும் கொழும்புக் கம்பனிகள், அடுத்துவரும் சில மாதங்களில் வழுவழுப்பான தாளில் தத்தம் ஆண்டறிக்கையை அச்சிட்டு வெளியிடுகின்றன. உரம், பூச்சிமருந்து, விதை ஆகியவற்றை விற்கும் விவசாய இடுபொருட் கம்பனிகளின் அறிக்கைகளும் அவற்றுள் அடங்கும். அவ்வறிக்கைகளை நாம் புரட்டிப் பார்க்கும்போது இரண்டு சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் எதிர்ப்படுகின்றன. ஒன்று 'வளர்ச்சி', மற்றொன்று 'நிலைபேறு'. விற்பனை வளர்ந்தது, இலாபம் வளர்ந்தது, பங்குதாரரின் நம்பிக்கை வளர்ந்தது என்பர். கூடவே, தாம் விற்பவை மண்ணுக்கு உகந்தவை, வருங்காலச் சந்ததிக்குக் கேடு செய்யாதவை, நிலைபேறான பயிர்ச்செய்கைக்கு வழிகோலுபவை என்றும் உறுதி கூறுவர்.

வளர்ச்சியை நாம் வெறுப்பவரல்லர். மண் நிலைபெற வேண்டும் என்பதிலும் எமக்கு மாறுபாடில்லை. ஆயின் ஒரு சொல்லின் உண்மையை, அது எழுதப்பட்ட மேசையில் வைத்து எடைபோடுதல் இயலாது. அது சென்று இறங்கும் மலையில் வைத்தே எடைபோடுதல் வேண்டும். பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளை, கொஸ்லாந்தை என்று நீளும் ஊவாவின் தோட்டங்களே அந்தத் தராசு. உரமூட்டையைச் சுமப்பவனும் அதன் விளைவாகத் தளிர்க்கும் கொழுந்தைக் கிள்ளுபவளும் வாழும் இடம் அது. அங்கு நின்று நாம் கேட்கும் கேள்விகள் இரண்டே. வளர்ந்தது யார்? நிலைபெறுவது எது?

மடுல்சீமை கற்பித்த பாடம்

கம்பனிகள் 'நிலைபேறு' என்ற சொல்லை நேற்றுத்தான் கண்டெடுத்தன. ஊவா மலைகளோ அதன் பொருளை ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே விலைகொடுத்துக் கற்றன.

1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கிய பிரித்தானியர், இலட்சம் வயல்கள் என்று பொருள்படும் வெல்லஸ்ஸவின் நீர்ப்பாசனத்தையும் குடிகளையும் நாசம் செய்தனர். 1840இல் வந்த முடிக்குரிய காணிச் சட்டம், உறுதிப்பத்திரம் காட்ட இயலாத காட்டையும் சேனை நிலத்தையும் அரசின் உடைமையாக்கிற்று. அவ்வாறு கைப்பற்றப்பட்ட மலைகளைக் கோப்பித் துரைமார் வாங்கிக் காட்டை அழித்து, ஒரே பயிரால் மூடினர். மலைக்கு மலை ஒரே செடி. ஒரு செடிக்கு வந்த நோய் எல்லாச் செடிக்கும் வரும் என்பதை அன்று எவரும் கணக்கில் எழுதவில்லை. 1869இல் கோப்பி இலைத்துரு நோய் இலங்கையில் முதன்முதல் தலைகாட்டியது வேறெங்குமன்று, இதே ஊவாவின் மடுல்சீமையில். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பிப் பேரரசு சரிந்தது. அதுவரை ஆண்டுதோறும் அறிக்கை எழுதிய தோட்டச் சொந்தக்காரரும் 'வளர்ச்சி' என்றே எழுதிவந்தனர்.

கோப்பி விழுந்த இடத்தில் தேயிலை எழுந்தது. தேயிலையை வர்த்தகப் பயிராக ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் நட்டது 1867ஆம் ஆண்டு. அதே 1867இல்தான் ஜேர்மனியில் கார்ல் மார்க்சின் 'மூலதனம்' முதற்பாகம் வெளிவந்தது. முதலாளித்துவ விவசாயம் தொழிலாளியை வற்றச் செய்யும் அதே முறையால் மண்ணையும் வற்றச் செய்கிறது என்ற கருத்தை, மண் இரசாயனத்தை ஆராய்ந்த லீபிக்கின் நூல்களைப் படித்து அந்நூலில் அவர் நிறுவினார். மண்ணிலிருந்து விளைவாக எடுத்த சத்து மண்ணுக்கே திரும்ப வேண்டும். அது தொலைதூர நகரத்துக்கும் கடல் கடந்த சந்தைக்கும் போய் மீளாதொழிந்தால் மண் கடனாளியாகும் என்பதே அதன் சாரம். லூல்கந்துரையில் நட்ட செடி, அக்கருத்துக்கு மலைநாடு முழுவதையும் சான்றாக்கிற்று.

கடனாளியான மண்ணுக்குப் புறத்திலிருந்து சத்து வேண்டியதாயிற்று. உரவியாபாரம் பிறந்த கதை இதுவே. ஐரோப்பாவின் வயல்களுக்காகப் பெருவின் சிஞ்சாத் தீவுகளில் பறவை எச்சத்தை வெட்டியெடுத்தவர்கள் ஒப்பந்தத்தில் கட்டுண்ட சீனக் கூலிகள். இலங்கையில் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த அல்பிரட் பவுர் என்பவர் 1897இல் உரத் தொழில் நிறுவனத்தைத் தொடங்கினார். இந்நாட்டில் செல்வம் ஈட்டிய அவர் சேகரித்த சீன, யப்பானியக் கலைப்பொருட்களை இன்று ஜெனீவா நகரிலுள்ள அருங்காட்சியகத்தில் காணலாம். பீங்கான் கிண்ணங்களின் அழகை நாம் மறுக்கவில்லை. இலங்கை மண்ணின் பசியிலிருந்து பிறந்த செல்வம் எத்துணைத் தூரம் பயணம் செய்ய வல்லது என்பதற்கு அதைக் காட்டுகிறோம். லிப்டன் 1890இல் அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களை வாங்கியபோதும் இதே பயணம்தான் வேறு பெயரில் நடந்தது.

ஓர் இரவில் வந்த இயற்கை

அண்மைக் காலத்துக்கு வருவோம். 'நிலைபேறு' என்ற சொல்லை ஓர் அரசே ஆயுதமாக எடுத்தால் யாது நேரும் என்பதை 2021ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டு மே மாதத்தில் வெளிவந்த வர்த்தமானி, இரசாயனப் பசளையும் விவசாய இரசாயனங்களும் நாட்டுக்குள் வருவதைத் தடைசெய்தது. உலகின் முதற் சேதன விவசாய நாடு என்ற மகுடத்தை அன்றைய ஜனாதிபதி கோத்தாபய ராஜபக்ஷ நாடினார். திறைசேரியில் டொலர் வற்றியிருந்ததும் அம்மகுடத்தின் அடியில் மறைந்திருந்த காரணம்.

சேதனப் பசளை நல்லது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் ஒரு மலையை இரசாயனத்திலிருந்து சேதனத்துக்கு மாற்ற ஆண்டுகள் வேண்டும். அப்புத்தளையை அடுத்த இதல்கஸ்ஹின்னத் தோட்டம் 1987 முதல் சேதன முறையில் தேயிலை வளர்த்துவருகிறது. எருக்குவியலும் மூடுபயிரும் பொறுமையும் பயிற்சியும் அதற்குத் தேவைப்பட்டன. அந்த அனுபவம் ஊவாவிலேயே இருந்தும், அதைக் கேட்டறியாமல் ஒரே இரவில் நாடு முழுவதையும் மாற்றப் புறப்பட்டனர்.

பிறகு நடந்தவை நாடகம் போன்றவை. 99,000 மெற்றிக் தொன் சேதனப் பசளைக்குச் சீனக் கம்பனி ஒன்றுடன் ஒப்பந்தமாயிற்று. முதலாவதாக 20,000 தொன்னோடு வந்த 'ஹிப்போ ஸ்பிரிட்' கப்பலின் சரக்கு மாதிரியில் தீங்கு செய்யும் கிருமிகள் இருப்பதாக இந்நாட்டுத் தாவரத் தடுப்புக்காப்புச் சேவை கூறிற்று. கப்பல் இறக்க விடப்படாமல் கடலில் அலைந்தது. ஆயினும் 2022 சனவரியில் ஏறத்தாழ 69 இலட்சம் டொலர் அக்கம்பனிக்குச் செலுத்தப்பட்டது. இறங்காத உரத்துக்கு ஏழை நாடு கொடுத்த விலை அது.

மறுபுறம் இந்தியாவிலிருந்து விமானத்தில் நனோத் திரவ உரம் வந்தது. ஆசிரிய நண்பர்கள் இதை வகுப்பறைக் கணக்காகவே கொடுக்கலாம். அரை லீற்றர் போத்தல் ஒன்று 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றுக்கு ஈடு என்பது விற்பனையாளரின் உரிமைகோரல். போத்தலில் உள்ள நைதரசன் நூற்றுக்கு நான்கு பங்கு. அதாவது 20 கிராம். யூரியாவில் நைதரசன் நூற்றுக்கு நாற்பத்தாறு பங்கு. அதாவது மூட்டையொன்றில் ஏறத்தாழ 20 கிலோ. இலைவழி ஊட்டம் வீணாகாது என்பது அவர்களின் சமாதானம். வீணாவதைத் தடுத்தல் வேறு, இல்லாத சத்தை உண்டாக்குதல் வேறு. ஆயிரத்தில் ஒரு பங்கு எப்படி முழுமைக்கு ஈடாகும் என்று கேட்கப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை, எண்சுவடி போதும்.

2021 நவம்பரில் தடை விலக்கப்பட்டது. ஆயின் 2022இல் டொலரும் இல்லை, உரமும் இல்லை. மானிய விலையில் 1,500 ரூபாவுக்குக் கிடைத்த 50 கிலோ யூரியா மூட்டை 30,000 ரூபாவையும் தாண்டியது. 2021இல் 29.9 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் 25.1 கோடி கிலோவாக வீழ்ந்தது. 2024இலும் அது 26.2 கோடி கிலோ அளவிலேயே நின்றது. கொழுந்து குறைந்தால் கொழுந்து கிள்ளுபவளுக்கு வேலைநாள் குறையும். விதிக்கப்பட்ட நிறை கூடையில் சேராத நாளில் முழுப்பேர் அரைப்பேராகும். கட்டளையிட்டவர் 2022 சூலையில் நாட்டைவிட்டு ஓடினார். கட்டளையின் சுமையைச் சுமந்தவள் லயத்திலேயே இருந்தாள்.

இங்கேதான் 'வளர்ச்சி' என்ற சொல்லை நாம் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. 2022 தொடக்கத்தில் டொலரொன்றுக்கு 200 ரூபாவாக இருந்த நாணயம், சில மாதங்களில் 360 ரூபாவாகச் சரிந்தது. மூட்டையின் விலையோ இருபது மடங்காயிற்று. இத்தகைய காலத்தில் இருபது மூட்டை விற்ற கடையில் இரண்டு மூட்டை விற்றாலும் வருமானம் இரட்டிப்பாகும். ரூபாவில் எழுதப்படும் கணக்கு அதை வளர்ச்சி என்றே பதியும். பசளை பெறாத பதினெட்டு மூட்டைக்குரிய நிலம் எந்தப் பத்தியிலும் இடம்பெறாது. ஆகவே ஒரு கம்பனி 'இவ்வாண்டு வளர்ந்தோம்' என்று கூறும்போது, எத்தனை மூட்டை, யாருடைய நிலத்துக்கு, என்ன விலையில் என்று கேட்பது ஒவ்வொரு வாசகனின் உரிமை. இதைப் பொருளாதாரம் கற்பிக்கும் ஆசிரியர் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பது?

தடை என்பது தானே தவறா?

2021இன் தோல்வியைக் காட்டி, 'பார்த்தீர்களா, இரசாயனத்தைத் தொட்டால் நாடு அழியும்' என்று பேசுவோர் இன்று பெருகியுள்ளனர். அவர்களுக்கும் விடை கூற வேண்டும்.

1990களின் நடுப்பகுதியில் உலகிலேயே மிக அதிகமாகத் தற்கொலை நிகழ்ந்த நாடுகளுள் இலங்கை ஒன்றாக இருந்தது. வீட்டில் எளிதாகக் கிடைத்த பூச்சிமருந்தே பெரும்பாலும் கருவியாயிற்று. 1995இல் கொடிய வகை மருந்துகளையும், 1998இல் எண்டோசல்பானையும், 2008 முதல் 2011 வரை படிப்படியாகப் பரக்குவாட், டைமீதோயேற்று, பென்தியோன் ஆகியவற்றையும் அரசு தடைசெய்தது. தற்கொலை வீதம் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. விளைச்சல் அதனால் வீழவில்லை என்று ஆய்வுகள் காட்டின. அன்றும் தடைதான் வந்தது. ஆனால் அது சான்றின்மேல் நின்றது, எதை எடுத்தால் எதை வைப்பது என்று எண்ணிச் செய்யப்பட்டது, மெல்ல நடந்தது.

களைக்கொல்லியான கிளைபொசேற்று விடயத்தில் இதன் மறுபக்கத்தைக் கண்டோம். 2015இல் அது தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் றப்பருக்கும் மட்டும் அனுமதிக்கப்பட்டது. இடைக்காலத்தில் வேறு களைக்கொல்லிகள் மலைகளில் புகுந்தன. இலங்கைத் தேயிலையில் எம்.சி.பி.ஏ. என்ற மருந்தின் எச்சம் இருப்பதாக யப்பான் முறையிட்டதும் தோட்ட உலகம் பரபரப்படைந்தது. நாம் சிந்திக்க வேண்டியது இதைத்தான். தோக்கியோவில் தேநீர் அருந்துபவரின் கோப்பையில் எச்சம் எவ்வளவு என்று அளக்கச் சட்டம் உண்டு, கருவி உண்டு, கோபம் கொள்ள அரசும் உண்டு. நாள் முழுவதும் தெளிகருவியை முதுகில் சுமந்து மருந்தடிப்பவனின் இரத்தத்தில் எச்சம் எவ்வளவு? அவனுக்குக் கையுறையும் முகமூடியும் எத்தனை நாளுக்கொருமுறை மாற்றப்பட்டன? இவ்விரண்டு வினாக்களுக்கும் அட்டவணை தரும் நிலைபேற்று அறிக்கை எது? வாங்குபவனின் உடல்நலமே நிலைபேறு, உழைப்பவனின் உடல்நலம் செலவினம் என்பதுதான் இவ்வறிக்கைகளின் எழுதப்படாத விதி.

மூட்டையில் அடைக்க முடியாதவை

மண்ணைக் காக்கும் அறிவு மலையகத்துக்குப் புதிதன்று. பழைய தேயிலையைப் பிடுங்கி மீள நடுவதற்குமுன், ஒன்றரை இரண்டாண்டு குவாத்தமாலாப் புல்லையோ மானாப் புல்லையோ வளர்த்து மண்ணைத் தேற்ற வேண்டும் என்பது தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் நெடுநாளைய போதனை. கான் வெட்டி நீரை அடக்குதல், சரிவுக்குக் குறுக்கே கிளிரிசீடியா வேலி நடுதல், சவுக்கும் முள்முருங்கையும் நிழலுக்கு வைத்தல், கவ்வாத்துக் காலத்தில் டொலமைட் இட்டு மண்ணின் புளிப்பைச் சமன்செய்தல், வெட்டிய மிலாறைச் செடியடியிலேயே மக்கவிடுதல் என்று அப்போதனை விரியும். முள்ளுக்குத்துபவனும் கான் வெட்டுபவனும் இவற்றைக் கையால் அறிவர். பல்கலைக்கழகப் பட்டதாரி இவற்றை நூலால் அறிவர்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. இவற்றை மூட்டையில் அடைத்து விற்க முடியாது. விற்க முடியாததால் இவை கம்பனியின் 'நிலைபேறான உற்பத்திப் பொருட்கள்' பட்டியலில் இடம்பெறுவதில்லை. இவற்றுக்கு வேண்டியது ஆட்கூலியும் காலமும். கூலியைக் குறைத்தலே திறமை என்று கருதும் நிருவாகமும், காலத்தை ஆண்டுக்கணக்கோடு முடித்துவிடும் பங்குச்சந்தையும் அவ்விரண்டையும் தர மறுக்கின்றன.

நில உரிமையையும் நோக்குவோம். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் அரசுடைமையான தோட்டங்கள், 1992இல் 22 பிராந்தியக் கம்பனிகளின் நிருவாகத்தில் ஒப்படைக்கப்பட்டன. பின்னர் குத்தகை 53 ஆண்டுகள் என்று வகுக்கப்பட்டது. அது 2045இல் முடியும். இன்று மலையைத் தேற்றி மீள நட்டால், செடி பலன்தரத் தொடங்கி முதலை மீட்டுத் தருவதற்குப் பல்லாண்டுகள் செல்லும். குத்தகைக்காலம் ஆண்டுக்கு ஆண்டு தேயும்போது, குத்தகைக்காரன் மண்ணில் முதலிடுவானா, மண்ணிலிருந்து எடுப்பானா? வாடகை வீட்டுக்கு எவனும் அத்திவாரம் போடுவதில்லை. அந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்களுக்கோ அதில் ஓர் அங்குல உரிமையும் எழுதிக் கொடுக்கப்படவில்லை.

மிலாறைப் பற்றியும் ஒரு வார்த்தை. கவ்வாத்து வெட்டிய மிலாறு மண்ணுக்குத் திரும்ப வேண்டும் என்கிறது விஞ்ஞானம். லயத்து அடுப்பு அதே மிலாறைக் கேட்கிறது. எரிவாயு வாங்கப் போதாத கூலியில் வாழும் தாய், மண்ணின் சத்தைத் தலைச்சுமையாகச் சுமந்து சென்று எரிக்கிறாள். அவளைக் குற்றம் கூறுபவர் நிலைபேற்றை அறியாதவர். அவள் கூலி உயர்ந்து, அவள் அடுப்புக்கு வேறு எரிபொருள் கிடைத்தால், அம்மிலாறு உரமாகும். அவ்வளவுக்கு உரமூட்டை குறையும். கூலிப் பிரச்சினையும் மண் பிரச்சினையும் ஒன்றே என்று நாம் கூறுவதன் பொருள் இதுதான்.

கூலியின் கதையையும் சுருங்கச் சொல்வோம். 1,000 ரூபா நாட்கூலிக்காக மலையகம் ஆண்டுக்கணக்கில் போராடி, 2021இல் சம்பளச் சபை மூலம் அதைப் பெற்றது. 2024இல் 1,700 ரூபா என்று வர்த்தமானி வெளிவந்ததும் தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. அவ்வாண்டு செப்டம்பரில் 1,350 ரூபாவாக முடிந்தது. 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட அடுத்த ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம், கம்பனிகள் 1,550 ரூபாவும், வருகை ஊக்கமாக அரசு 200 ரூபாவும் சேர்த்து 1,750 ரூபா என்றது. அதாவது தனியார் இலாபத்துக்காகக் கிள்ளப்படும் கொழுந்தின் கூலியில் ஒரு பங்கைப் பொதுமக்களின் வரிப்பணம் சுமக்கிறது. சேதனச் சான்றிதழ் பெற்ற தேயிலைக்கு வெளிநாட்டில் தனி விலை உண்டு. ஆனால் சம்பளச் சபையின் கூலி, சான்றிதழ் பெற்ற மலைக்கும் பெறாத மலைக்கும் ஒன்றே. இயற்கையின் பெயரால் ஏறும் விலையில் அவள் பங்கு எவ்வளவு என்று எந்தச் சட்டமும் கேட்பதில்லை.

மலையே சரியும்போது

மண் நிலைபெறாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு ஊவா இரத்த சாட்சியம் தந்துள்ளது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில், கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அவ்விடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது. மக்கள் லயத்தில் இருந்தார்கள். அவர்கள் போவதற்கு வேறு நிலம் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைத் தாக்கியபோது, பதுளை மாவட்டத்து மலைகள் மறுபடியும் பல இடங்களில் சரிந்து உயிர்களைக் கொண்டன.

இச்சரிவுகளுக்கு மழையே காரணம் என்பர். பெய்தது மழைதான். ஆயின் காட்டை மொட்டையடித்தது மழையன்று. ஆபத்தான சரிவில் லயம் கட்டியதும், எச்சரித்த பின்னரும் குடியிருப்புக்கு ஒரு துண்டு நிலம் கொடாது விட்டதும் மழையன்று. வெறுமையான சரிவிலிருந்து ஆண்டுதோறும் கழுவப்படும் மேல்மண்ணை உமா ஓயா சுமந்து சென்று ரந்தம்பே நீர்த்தேக்கத்தில் படியவிடுகிறது. மேலே இட்ட உரத்தின் ஒரு பகுதியும் அதனுடன் செல்கிறது. உரக் கம்பனிக்கு இதில் நட்டமில்லை. கழுவப்பட்ட உரத்துக்கு ஈடாக மறுமுறையும் மூட்டை விற்கும். மண் இழக்க இழக்க விற்பனை வளரும் வியாபாரம் ஒன்றை மண்ணின் காவலன் என்று எவ்வாறு நம்புவது?

எதிர்வாதமும் எம் கோரிக்கையும்

'உரமில்லையேல் விளைவில்லை, விளைவில்லையேல் கூலியில்லை. நீங்கள் கம்பனியை எதிர்ப்பது தொழிலாளியின் சோற்றில் மண் போடுவதாகும்' என்று எம்மை நோக்கிக் கூறுவர். உரம் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. 2022இன் அனுபவத்துக்குப் பின் அறிவுள்ள எவரும் மறுக்கார். நாம் மறுப்பது வேறு. எவ்வளவு உரம், எந்த உரம் என்பதை மண் பரிசோதனை தீர்மானிக்க வேண்டும். விற்பனை இலக்கு தீர்மானித்தல் கூடாது. வெலிமடை, ஊவா பரணகமைப் பகுதிகளின் உருளைக்கிழங்குத் தோட்டக்காரனுக்கு மருந்தளவைச் சொல்லும் வைத்தியன் யார்? மருந்து விற்கும் கடைக்காரனே. நோயாளி அதிகம் குடித்தால் இலாபம் பெறுபவனிடமே மருந்துச்சீட்டு எழுதும் பொறுப்பையும் விட்டுவிட்டு, பிறகு நஞ்சு பெருகிற்று என்று வருந்துவதில் பயனில்லை.

'கம்பனி தரும நிறுவனமன்று. இலாபம் தேடுவது அதன் இயல்பு' என்றும் கூறுவர். மெய். அதனாற்றான் மண்ணின் காவலை அதனிடம் ஒப்படைக்கலாகாது என்கிறோம். வியாபாரி வியாபாரி என்ற பெயரோடு வரட்டும். அவன் விலையையும் சரக்கையும் நாம் பார்த்துக்கொள்வோம். அவன் இயற்கையின் தொண்டன் என்ற வேடத்தோடு வரும்போதுதான் நாட்டுக்கு ஆபத்து.

எம் கோரிக்கைகள் எளியவை. தோட்டந்தோறும் ஒவ்வொரு மலையின் மண் பரிசோதனை முடிவும் தொழிலாளருக்கு விளங்கும் தமிழிலும் சிங்களத்திலும் பெரட்டுக்களத்தில் ஒட்டப்பட வேண்டும். இடுபொருட் கம்பனியின் ஆண்டறிக்கை ரூபாக் கணக்கோடு, விற்ற நிறையையும், எந்த மாவட்டத்தில் எந்த மருந்து எவ்வளவு விற்றது என்பதையும் வெளியிட வேண்டும். மருந்தடிப்பவருக்கு ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை சட்டத்தால் கட்டாயமாக வேண்டும். விவசாய ஆலோசனை, விற்பனையாளரின் கையிலிருந்து பொதுத்துறைக்கும் கூட்டுறவுக்கும் மீள வேண்டும். புல் நடுதலும் கான் வெட்டுதலும் எருக்குவித்தலும் முழுப்பேர் தரும் வேலைகளாகக் கணக்கிடப்பட வேண்டும். யாவற்றுக்கும் மேலாக, லயத்தில் வாழும் குடும்பத்துக்கு ஆபத்தற்ற இடத்தில் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நிலம் உரிமையாக வேண்டும். தனக்குரிய மண்ணை எவரும் கழுவிப்போக விடார்.

இவை கனவு என்று சிரிப்போருக்கு ஊவாவின் வரலாறே மறுமொழி. 1940ஆம் ஆண்டு வேலைநிறுத்த அலையின்போது, பதுளையை அடுத்த வேவஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தம்முள் ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். அச்சபையைக் கலந்தே நிருவாகம் நடத்தத் தோட்டத்துரை இசைய வேண்டியதாயிற்று. அக்காலத்தில் அத்தொழிலாளருக்கு நிலமும் இருக்கவில்லை; எட்டாண்டுகளின் பின் 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுட் பெரும்பாலாரிடமிருந்து குடியுரிமையையும் பறித்தது. ஆயினும் ஒரு தோட்டத்தை எவ்வாறு நடத்துவது என்று பேசும் அறிவு தமக்குண்டு என அவர்கள் நாட்டுக்கு நிரூபித்தனர். அவ்வறிவின்மேல் எழாத நிலைபேறு வெறும் அச்சுமையே.

பதுளையில் இன்று ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தேயிலைத் தொழில்நுட்பம் அங்குப் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. பசறையிலும் அப்புத்தளையிலும் தோட்டத்துப் பிள்ளைகள் ஆசிரியர்களாகியுள்ளனர். அவர்களை நோக்கியே நாம் இதை எழுதுகிறோம். கம்பனியின் ஆண்டறிக்கை அடுத்த முறை கைக்கு வரும்போது அதை விளம்பரமாக ஒதுக்கிவிடாதீர்கள். பாடநூலாக எடுத்து வாசியுங்கள். 'வளர்ச்சி' என்றிருக்கும் இடத்தில் நிறையையும் விலையையும் பிரித்துக் கணக்கிடச் சொல்லுங்கள். 'நிலைபேறு' என்றிருக்கும் இடத்தில் கூலியையும் மேல்மண்ணையும் லயத்தையும் எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்த்தபின் கூட்டல் எவ்வாறு வருகிறதென்று மாணவர் தாமே கண்டுகொள்வர்.

கோப்பித் துரைமாரின் கணக்கேடுகளில் இலாபம் ஏறிக்கொண்டிருந்தபோதே மடுல்சீமையின் இலைகளில் துரு ஏறிக்கொண்டிருந்தது. அன்று அதைப் படித்தறியும் எழுத்தறிவு மலையில் உழைத்தவர்க்கு மறுக்கப்பட்டிருந்தது. இன்று அவர்தம் பேரப்பிள்ளைகள் படிக்கிறார்கள். கணக்கேட்டையும் மலையையும் அருகருகே வைத்துப் படிக்கும் கடமை அவர்களுக்கு உண்டு. அக்கடமையை நினைவூட்டும் கடமை எமக்கு உண்டு.